சைலன்சர் மாற்றப் போகிறீர்களா? முதலில் காகிதம், பிறகு ஸ்பேனர்

மோட்டார் சைக்கிளுக்குச் சைலன்சர் மாற்ற வேண்டும் என்று ஆசை வந்தவுடன் எல்லோரும் சத்தத்தைத்தான் கேட்டுப் பார்க்கிறார்கள். கடைசியில் கழுத்தைப் பிடிப்பது சத்தம் மட்டுமல்ல, பில்லும் வாரண்டியும் காப்பீடும்தான். என் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-க்கு ஜோடி சைலன்சர் தேடி அலைந்தபோது கடைக்காரர் ஒன்று சொன்னார், மெக்கானிக் அதற்கு நேர் எதிராகச் சொன்னார், சர்வீஸ் சென்டரில் வாயே திறக்கவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் பதிவான, 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (அரசின் மாசுக் கட்டுப்பாட்டு அளவுகோல்) வண்டியை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். பழைய கார்புரேட்டர் வண்டிக்காரர்களுக்குப் பாதி பொருந்தும். தெருவையே எழுப்பிவிடும் சத்தம் வேண்டும் என்பவர்களுக்கு இதில் எதுவும் இல்லை.

1. சட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுதான் அடிப்படை. தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்திவிட்டது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி, ஒவ்வொரு வண்டிக்கும் ஒலியை முடிந்தவரை குறைக்கும் சைலன்சர் இருந்தே ஆக வேண்டும் என்கிறது.

தண்டனை எவ்வளவு என்று கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒலி, புகை அளவுகளை மீறி ஓட்டினால் 190(2) பிரிவு: முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, கூடவே மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமம் செல்லாமல் போகும்.

"ஆர்டிஓவில் கொடுத்து ஆர்சியில் ஏற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வண்டியின் நிறத்தை மாற்றினால் ஆர்சியில் ஏற்றலாம். சத்தமான சைலன்சரை ஏற்றுவதற்கு அப்படி ஒரு வழி கிடையாது.

அப்படியானால் மிச்சமிருப்பது மூன்று வழிகள். ஒன்று, உங்கள் வண்டியைத் தயாரித்த நிறுவனமே உங்கள் மாடலுக்கென்று, இந்தியச் சாலைக்கு ஒப்புதல் பெற்று விற்கும் சைலன்சர். இரண்டு, உங்கள் மாடலுக்கே சோதித்துச் சான்று வாங்கிய வேறு நிறுவனத்தின் சைலன்சர். சான்று கையில் இருந்தாலும் இதில் கொஞ்சம் சந்தேகப் பகுதி உண்டு, சாலையில் நிற்கும் அதிகாரி அதை ஏற்றுக்கொள்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மூன்று, பந்தயத் தடத்துக்கு மட்டும். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ ஓட்டுவதற்காக என்றால் அங்கே போய் மாட்டுங்கள், அல்லது வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு போங்கள். மாட்டிக்கொண்டே நெடுஞ்சாலையில் ஓட்டிப் போய்விட்டு "தடத்துக்குத்தான் சார்" என்பது எடுபடாது.

2. ஒரு கோப்பில் காகிதங்களைச் சேருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டியவை: ஆர்சி, காப்பீட்டுப் பத்திரம், மாசுச் சான்றிதழ், வாரண்டி புத்தகம், அப்புறம் படிவம் 22.

கடைசியில் சொன்னதைப் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை. புது வண்டி வாங்கியபோது பதிவுக்காக விற்பனையாளர் கொடுத்த காகிதம் அது. வண்டி வெளியிடும் ஒவ்வொரு வாயுவின் அளவும் அதில் இருக்கும்; ஹார்ன் ஒலியும், ஓடும்போது எழும் ஒலியும் டெசிபல் கணக்கில் இருக்கும். உங்கள் வண்டி பிறந்தபோது எவ்வளவு சத்தம் போட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. தொலைந்திருந்தால் விற்பனையாளரிடம் நகல் கேளுங்கள். கொடுக்க முணுமுணுப்பார்கள், விடாதீர்கள்.

தயாரிப்பு நிலையில் அரசு வைத்திருக்கும் வரம்பு: 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. படிவத்தில் உள்ள எண் இதற்குள்தான் இருக்கும்.

வாரண்டி பற்றி வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்ன நிறுவனத்தின் இன்ன மாடல் சைலன்சரை, வயர் எதையும் வெட்டாமல் மாட்டினால் எந்தெந்தப் பாகத்துக்கு வாரண்டி போகும் என்று நேராகக் கேளுங்கள். பதில் வர ஒரு வாரம் ஆகலாம். வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். கூடுதல் பிரீமியம் கேட்டால் கட்டிவிட்டு, பத்திரத்தில் குறிப்பு ஏற்றி வாங்குங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பிறகு சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து நிற்கும்போதுதான் பெரிதாகத் தெரியும்.

3. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எங்கே என்று கண்டுபிடியுங்கள்

சைலன்சர் என்று நாம் சொல்வது கடைசித் துண்டை மட்டும். எஞ்சினிலிருந்து வளைந்து வருவது பெண்ட் பைப். இந்த வழியில் எங்கோ புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் இருக்கிறது. அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் திட்டம் முழுவதும்.

இன்டர்செப்டரில் அது முன்பக்கக் குழாய்ப் பகுதியிலேயே இருப்பதால், பின்னால் உள்ள இரண்டு சைலன்சர்களை மட்டும் கழற்றினால் கன்வெர்ட்டர் அப்படியே இருக்கும். பழைய கேடிஎம் டியூக்கில் எஞ்சினுக்கு அடியில் தொங்கும் பெட்டிக்குள் இருந்தது. சில வண்டிகளில் சைலன்சருக்குள்ளேயே இருக்கும். அவற்றில் சைலன்சரை மாற்றினால் கன்வெர்ட்டரும் போயிற்று, மாசுச் சோதனையில் எண்கள் ஏறும். உங்கள் வண்டி அந்த வகை என்றால் கன்வெர்ட்டரோடு வரும் சைலன்சரைத் தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள்.

புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சார் எங்கே என்றும் பாருங்கள். 2025 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் கன்வெர்ட்டர் வேலை செய்கிறதா என்பதையே வண்டியின் கணினி கண்காணிக்கிறது. அதை எடுத்துவிட்டால் மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

பட்டறையில் "உள்ளே இருக்கிறதை வெட்டி எடுத்துவிட்டு வெல்டிங் அடித்துத் தருகிறேன், ஆயிரம் ரூபாய் போதும்" என்பார்கள். எனக்கும் ஒருவர் சொன்னார். கையில் கிரைண்டரோடு நின்றுகொண்டே சொன்னார். வெட்டிய சைலன்சரை எந்தக் காலத்திலும் பழையபடி ஆக்க முடியாது. புதிதாக வாங்க வேண்டி வந்தால் அந்த ஆயிரம் பல ஆயிரமாக முடியும்.

4. கடையில் ஏமாறாமல் வாங்குங்கள்

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனால் வரிசையாகக் கடைகள். அக்ராபோவிச், எஸ்சி ப்ராஜெக்ட், யோஷிமுரா என்று உலகத்தின் பெரிய பெயர்கள் எல்லாம் சில ஆயிரம் ரூபாய்க்கு மாட்டித் தொங்கும். அசல் அக்ராபோவிச் ஸ்லோவேனியாவிலிருந்தும் எஸ்சி ப்ராஜெக்ட் இத்தாலியிலிருந்தும் வருபவை; இறக்குமதி வரியும் சேர்ந்த பிறகு அந்த விலைக்கு அதன் பெட்டிகூட வராது. பெயர் பொறித்த தகடு ரிவெட் அடித்து ஒட்டியிருக்கிறது என்பதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.

சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். 304 வகைத் துருப்பிடிக்காத எஃகில் காந்தம் ஒட்டாது. கடைக்காரர் 304 என்று சொல்லிக் காந்தம் பட்டென்று ஒட்டினால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். (409 வகை எஃகில் ஒட்டும், அதுவும் கெட்டதல்ல, பல தயாரிப்பாளர்களே அதைத்தான் போடுகிறார்கள். கேள்வி, சொன்னதும் கொடுப்பதும் ஒன்றுதானா என்பது.) சாதா இரும்பில் குரோம் பூசியது கடற்கரைப் பக்கம் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

நுழைவாய்க் குழாயின் உள்விட்டத்தை வெர்னியரில் அளக்கச் சொல்லுங்கள். "கொஞ்சம் லூஸ்தான், கிளாம்ப்பை இறுக்கினால் பிடித்துக்கொள்ளும்" என்பதுதான் இந்தத் தெருவில் அதிகம் விலைபோகும் பொய். இறுக்கினால் பிடிக்கும், ஒரு மாதத்தில் கசியும்.

டிபி கில்லர் என்று ஒரு சிறிய குழாயைச் சைலன்சரின் வாயில் செருகி ஆலன் போல்ட்டு போட்டு நிறுத்தியிருப்பார்கள். சத்தத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் அதுதான். கடையில் அதைக் கழற்றிக் காட்டி "கேளுங்க சார்" என்பார்கள். மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டிய பிறகும் உங்களுக்குப் பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள். பிடிக்காவிட்டால் நீங்கள் அதை வீட்டுக்குப் போய்க் கழற்றத்தான் போகிறீர்கள்.

சான்று இருக்கிறது என்றால் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் உங்கள் வண்டியின் மாடல் பெயர் இருக்கிறதா, சோதித்த நிறுவனத்தின் பெயரும் எண்ணும் தேதியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். குழாயின் எஃகுக்கு வாங்கிய சான்றைக் காட்டி ஒலிக்கான சான்று போலப் பேசுகிறவர்களும் உண்டு. கடைசியாக பில்: நிறுவனத்தின் பெயர், மாடல் எண், எந்த வண்டிக்கு, ஜிஎஸ்டி எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். "சைலன்சர் - 1" என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு எதற்கும் உதவாது.

5. செலவைக் கூட்டிப் பாருங்கள்

உள்நாட்டு நிறுவனங்களின் நல்ல சைலன்சர் ஒன்று ஏறக்குறைய 8,000 முதல் 20,000 ரூபாய். இரட்டைக் குழாய் வண்டியென்றால் ஜோடி விலையைக் கேளுங்கள். ஒற்றை விலையைச் சொல்லிவிட்டுப் பிறகு இழுப்பார்கள். அசல் வெளிநாட்டுச் சரக்கு அரை லட்சத்திலிருந்து ஆரம்பம். பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு, விலை அதைச் சேர்த்தா சேர்க்காமலா என்று முதலிலேயே கேளுங்கள். கேஸ்கட் (சேருமிடத்தில் கசியாமல் அடைக்கும் வளையம்), கிளாம்ப், போல்ட்டு ஐந்நூறுக்குள். மாட்டும் கூலி ஐந்நூறு முதல் ஆயிரம் வரை.

பெண்ட் பைப்போடு முழு செட்டையும் மாற்றினால் எரிபொருள் அளவையும் திருத்த வேண்டி வரும், அதற்குத் தனிக் கருவி, தனிச் செலவு, போகும் வாரண்டி. பின் சைலன்சர் மட்டும் என்றால் இது தேவைப்படாது. வண்டியின் கணினி தானாகவே சரிசெய்துகொள்ளும் எல்லைக்குள்தான் அந்த மாற்றம் இருக்கும். ஆனால் அதனால் வண்டி பறக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எடை குறையும், ஒலியின் குணம் மாறும், அவ்வளவுதான். குதிரைத்திறன் கூடும் என்பவரிடம் டைனோ (வண்டியின் திறனை அளக்கும் கருவி) சோதனைச் சீட்டைக் கேளுங்கள்.

6. கழற்றும் முன் சத்தத்தை அளந்து எழுதி வையுங்கள்

இதை யாரும் செய்வதில்லை. இது இல்லாமல் புதிய சைலன்சரைப் பற்றி நீங்கள் சொல்வதெல்லாம் வெறும் அபிப்பிராயம்.

ஞாயிறு விடியற்காலையில் திறந்த மைதானத்துக்குப் போங்கள். அருகில் சுவரோ நிற்கும் காரோ இருக்கக் கூடாது. வண்டியைச் சூடாக்கி, நியூட்ரலில் வைத்து, குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகை கோணத்தில், வாயின் உயரத்திலேயே ஒலிமானியைப் பிடிக்க வேண்டும். அதிகபட்சத் திறன் நிமிடத்துக்கு 5,000 சுழற்சிக்கு மேல் கிடைக்கும் எஞ்சின் என்றால் அதில் பாதிச் சுழற்சியில் நிறுத்தி அளக்க வேண்டும்; இன்டர்செப்டரில் 7,250 என்பதால் ஏறக்குறைய 3,600. அங்கே நிறுத்தி, பிறகு ஆக்சிலரேட்டரை விட்டு, அதுவரை வந்த உச்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சில முறை எடுத்துச் சராசரி போடுங்கள். ஒலிமானி இரண்டாயிரம் ரூபாய்ச் சுற்றில் கிடைக்கிறது. கைபேசிச் செயலியும் ஒப்பிடுவதற்குப் போதும், ஒரே கைபேசியை ஒரே மாதிரிப் பிடித்தால்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இப்படி அளந்தால் 90-ஐ ஒட்டிய எண் வரலாம். படிவம் 22-இல் 80-க்குள் இருக்கும். பதற வேண்டாம். படிவத்தில் இருப்பது, ஓடும் வண்டியைப் பல மீட்டர் தள்ளி நின்று அளந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. பழைய சைலன்சரோடு வந்த எண்ணையும் புதியதோடு வரும் எண்ணையும் மட்டும் ஒப்பிடுங்கள். மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிட்டது என்று பொருள். பத்து கூடினால் காதுக்கே இரண்டு மடங்காகக் கேட்கும். பழையதைவிடக் கூடவே கூடாது என்பது என் அளவுகோல். கூடினால் சைலன்சரைத் திருப்பிக் கொடுங்கள். இந்த நிபந்தனையை வாங்கும்போதே பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கினால் சண்டை குறையும்.

7. மாட்டும் நாள்

எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். முதல் நாள் இரவே துருப்பிடித்த போல்ட்டுகளில் துரு இளக்கி எண்ணெய் அடித்து வையுங்கள். காலையில் ஸ்பேனர் வைத்தால் வெண்ணெய் போல வரும். அடிக்காமல் முறுக்கினால் போல்ட்டு உடைந்து அரை நாள் லேத் பட்டறையில் போகும்.

கழற்றும் வரிசை: முதலில் பெண்ட் பைப்பில் சேரும் இடத்துக் கிளாம்ப்பைத் தளர்த்துங்கள், பிறகு பின்னிருக்கைக் கால்மிதி அருகே உள்ள போல்ட்டு. போல்ட்டை எடுக்கும்போது மற்றொரு கையால் சைலன்சரைத் தாங்கிக்கொள்ளுங்கள். வழியில் ஓ2 சென்சார் இருந்தால் வயரைப் பிடித்து இழுக்காமல் இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடாதீர்கள். அது ஒரு முறை நசுங்கத்தான் செய்யப்பட்டது.

புதியதை வைத்ததும் எல்லாவற்றையும் கையால் தளர்வாக மாட்டுங்கள். குழாய் தன் இடத்தில் தானாக உட்கார வேண்டும். வலுக்கட்டாயமாக இழுத்து போல்ட்டுத் துளையோடு சேர்த்தால் அந்த இழுப்பு அப்படியே நின்று, பின்னால் வெல்டிங் விரியும். உட்கார்ந்த பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னால் நோக்கி இறுக்கிக்கொண்டே வாருங்கள். எவ்வளவு இறுக்கம் என்பதற்கு சர்வீஸ் கையேட்டில் எண் இருக்கிறது, டார்க் ரெஞ்ச் கடன் வாங்கியாவது அதைப் பின்பற்றுங்கள். நடு ஸ்டாண்டு, பிரேக் பெடல், பக்கப் பை எதுவும் குழாயில் உரசாமல் இருக்கிறதா என்று ஸ்டாண்டை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பின்னால் ஒருவரை உட்காரவைத்து சஸ்பென்ஷன் இறங்கும்போதும் பாருங்கள்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் சைலன்சர் முழுவதையும் தின்னர் தோய்த்த துணியால் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். விரல் ரேகை எண்ணெய் சூட்டில் சுட்டு அப்படியே கறையாகிவிடும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. முதல் பத்து நிமிடம் லேசான புகையும் வாடையும் வரும், அது தயாரிப்பின்போது பட்ட எண்ணெய்.

8. முதல் சில நூறு கிலோமீட்டர்

நூறு கிலோமீட்டர் ஓடி வண்டி ஆறிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். சூடாகி ஆறும்போது கொஞ்சம் இளகியிருக்கும். சேருமிடத்தில் கரி படிந்திருந்தால் அங்கே கசிகிறது. வேகத்தைக் குறைக்கும்போது பட் பட்டென்று வெடித்தால் பலர் பெருமையாகச் சிரிக்கிறார்கள்; பெரும்பாலும் அது சேருமிடத்தில் வெளிக்காற்று புகுவதன் அடையாளம், ரசிக்க ஒன்றும் இல்லை.

இந்த வாரத்துக்குள்ளேயே மாசுச் சோதனைக்குப் போங்கள். பழைய சான்றிதழ் இன்னும் செல்லும் என்று விட்டுவிடாதீர்கள். பிஎஸ்-4, அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு அது ஓராண்டுக்குச் செல்லும் என்பது உண்மைதான், ஆனால் அந்த எண்கள் பழைய சைலன்சருடையவை. புதிய சீட்டில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பழையதோடு ஒப்பிடுங்கள். ஏறியிருந்தால் எங்கோ தவறு. ஒலியையும் அதே மைதானத்தில் மறுபடி அளந்து கோப்பில் போடுங்கள்.

உள்ளே கண்ணாடிப் பஞ்சு அடைத்த சைலன்சர் என்றால் அந்தப் பஞ்சு காலப்போக்கில் எரிந்து கரையும், சத்தம் மெல்ல மெல்ல ஏறும். தினமும் கேட்கும் காதுக்குத் தெரியாது. ஆண்டுக்கு ஒரு முறை அளந்தால் தெரியும்.

9. போலீஸ் நிறுத்தினால்

பல நகரங்களில் பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியிருக்கிறார்கள். எனவே அந்த இடத்தில் சட்டம் பேச வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு, டிஜிலாக்கரில் உள்ள ஆர்சியையும் காப்பீட்டையும் காட்டுங்கள், அவை செல்லும். பிறகு பில், சான்று, மாசுச் சீட்டு, படிவம் 22. அதிகாரி ஏற்றுக்கொள்ளாவிட்டால் சலான் வாங்கிக்கொண்டு வாருங்கள். வாதாட வேண்டியது நீதிமன்றத்தில். எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் அங்கேயே படித்துவிடுங்கள்.

சலான் பற்றி வாட்ஸ்ஆப்பில் ஏபிகே கோப்பு (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் திறக்காதீர்கள். அது வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடி. அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள்.

10. பழைய சைலன்சரை விற்காதீர்கள்

"எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் குறைக்கிறேன்" என்பார் கடைக்காரர். வேண்டாம். அதிகாரி அசலை மாட்டி வரச் சொல்லலாம், வாரண்டிக்கு சர்வீஸ் சென்டர் கேட்கலாம், காப்பீட்டு சர்வேயர் கேட்கலாம். உள்ளும் புறமும் காயவைத்து, வெளியே மெல்லிய எண்ணெய் தடவி, இரண்டு வாயையும் துணி வைத்து அடைத்துக் கட்டுங்கள். திறந்து வைத்தால் குளவி கூடு கட்டும். போல்ட்டுகளையும் கிளாம்ப்பையும் ஒரு பையில் போட்டு அதோடேயே கட்டிவிடுங்கள், தேவைப்படும் நாளில் அவைதான் கிடைக்காது.

வண்டியை விற்கும்போது விளம்பரப் படம் எடுப்பதற்கு முன்பே அசலை மாட்டிவிடுங்கள். புதிய சைலன்சருக்கென்று வண்டி விலையில் யாரும் கூட்டித் தர மாட்டார்கள். பில்லோடும் சான்றோடும் தனியாக விற்றால் பாதி விலையாவது தேறும்.